திருகோணமலையில் தொடங்கிய வீட்டு வண்டிப் பயணம்

2025 ஜூலை 5, சனிக்கிழமை: ரயில் நிலையம், உப்புவெளி

கொழும்புக் கோட்டையில் இரவு ஏறிய ரயில் காலையில் எங்களைத் திருகோணமலையில் இறக்கிவிட்டபோது, நிலையத்துக்கு வெளியே வேப்பமர நிழலில் எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. கூரையை உயர்த்திக் கட்டிய பழைய ஜப்பானிய வேன் அது. உள்ளே மூன்று பேர் படுக்க இடம், ஒற்றை எரிவாயு அடுப்பு, ஒரு பாத்திரம் மட்டும் கழுவக்கூடிய தொட்டி, சிறிய குளிர்பெட்டி, பின்மூலையில் ஒரு கழிப்பறை. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். தஞ்சாவூரிலிருந்து புறப்படும்போது அண்டை வீட்டார் வியந்ததற்கும் அதுதான் காரணம். நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு.

என் மாமியாருக்கு 74 வயது. நீரிழிவும் முழங்கால் தேய்மானமும் சேர்ந்திருப்பதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குச் செல்ல வேண்டும், இடையிடையே காலை நீட்டிப் படுக்க வேண்டும். பஸ் பயணம் என்றால் முதல் நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். அப்படிச் செய்யாதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். ஏன் கேட்கவில்லை என்பது பேருந்து நிலையக் கழிப்பறைகளைப் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். கடைசியில் ஐந்தாறு ஆண்டுகளாக வெளியூர்ப் பயணத்தையே விட்டுவிட்டார். ஆனால் திருகோணமலையின் கோணேசர் கோயிலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை மட்டும் விடவில்லை. சிறு வயதில் ஓதுவார் ஒருவரிடம் கற்ற, அந்தக் கோயிலைப் பற்றிச் சம்பந்தர் பாடிய கோணமாமலைப் பதிகத்தை இன்றும் திங்கட்கிழமைதோறும் பாடுகிறார். கழிப்பறையும் படுக்கையும் உடன்வரும் வண்டி ஒன்று இலங்கையில் வாடகைக்குக் கிடைக்கிறது என்று என் கணவர் கண்டுபிடித்த அன்று, அத்தை எதுவும் சொல்லாமல் எழுந்துபோய்த் தன் கடவுச்சீட்டு விண்ணப்பத்துக்கான சான்றிதழ்களைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

தாள் விவகாரத்தில் ஒரு நாள் போயிற்று. இந்தியாவில் பெற்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதியே போதும் என்று நம்பி வந்தோம். அது மட்டும் செல்லாது, இலங்கையில் அதற்கு ஏற்பு அனுமதி பெற்றாக வேண்டும் என்று தெரிந்ததால் கொழும்பில் ஒரு பகல் முழுவதும் அதற்கே செலவாயிற்று. வருபவர்கள் இதைப் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. சாலையில் இடப்பக்கம் ஓட்டுவது நம் ஊரைப் போலவே என்பதால் என் கணவருக்கு ஓட்டுவதில் சிரமம் இருக்கவில்லை.

வண்டியைக் கொண்டுவந்த இளைஞர் பத்தே நிமிடங்களில் எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, திரும்பிப்போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எந்த விசை எதற்கு, எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே அவர் கிளம்பிவிட்டார். மூன்று பேர் உயிர்வாழப் போகும் ஒரு வீட்டின் சாவியைக் கைமாற்ற ஒரு மணி நேரமாவது வேண்டும். அதை நாங்கள் வற்புறுத்திக் கேட்டிருக்க வேண்டும். முதல் திருப்பத்திலேயே மேல் அலமாரியின் கதவு திறந்து, வீட்டில் அரைத்துக் கொண்டுவந்த சாம்பார்ப்பொடி முழுவதும் தரையில் கொட்டியது. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்பதை அப்படித்தான் கற்றோம்.

உப்புவெளியில், கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே, தென்னைகள் நிறைந்த ஒரு வளவில் இரவு தங்க இடம் கேட்டோம். இலங்கைத் தமிழில் வீட்டைச் சுற்றிய நிலத்துக்கு வளவு என்று பெயர். இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அம்மையார் வண்டியை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "அறை வேண்டாமோ? வளவுக்குள்ளயே நிற்பாட்டப் போறியளோ?" என்று கேட்டார். நாங்கள் விளக்கியதும், கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்து ஓர் இரவுக்கு 2,000 ரூபாய் என்றார். இந்திய ரூபாய் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் என்பதால், நம் கணக்கில் அறுநூறுக்கும் குறைவு. தேங்காய் விழக்கூடிய மரத்தின் கீழிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்தும்படி அவரே இடமும் காட்டினார்.

வெயிலைப் பற்றி யாரும் எங்களை எச்சரிக்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகிறது. அதைக் கச்சான் காற்று என்கிறார்கள். நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். மாலையில் கடற்கரையில் ஒரு பொட்டலம் கச்சானை வாங்கிக்கொண்டு கச்சானில் உட்கார்ந்திருந்தோம். இரவிலும் வண்டியின் தகரம் தணியவில்லை. இரண்டு மின்விசிறிகளையும் முழு வேகத்தில் வைத்துப் படுத்தோம். இரண்டரை மணிக்கு அவை இரண்டும் மெல்ல மெல்லச் சுற்றி நின்றன. குளிர்பெட்டியின் விளக்கும் அணைந்தது. அதனுள்ளே அத்தையின் இன்சுலின் இருந்தது.

ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை: உப்புவெளி

இன்சுலின் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நான் வீட்டு முற்றத்தில் நின்றபோது பொழுது இன்னும் விடியவில்லை. கதவைத் தட்டத் தயங்கினேன். வாசல் பெருக்குவதற்காக அந்த அம்மையார் தாமாகவே வெளியே வந்தார், விவரம் கேட்டார், குப்பிகளை வாங்கிக்கொண்டுபோய்த் தம் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வைத்தார். "இரவே எழுப்பியிருக்கலாம் அக்கா, மருந்து விசயமெல்லோ" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பழுதுபார்க்கும் கடை எதுவும் திறந்திருக்காது என்று கவலைப்பட்டோம். அவருடைய தம்பி மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பவர். தேவாலயத்துக்குப் போய்த் திரும்பிய வெள்ளைச் சட்டையோடு வந்தவர், சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வண்டிக்குள் நுழைந்தார். அடுத்த இரண்டு மணி நேரம் எங்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது. இத்தகைய வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. எஞ்சினைக் கிளப்புவதற்கு ஒன்று, விசிறிக்கும் விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் மற்றொன்று. வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் இரண்டையும் நிரப்ப வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டாவது பேட்டரிக்குப் போகும் கம்பியின் முனை பச்சை பூத்து அரித்துப்போயிருந்தது, இடையிலிருந்த பியூஸும் எரிந்திருந்தது. ஆகவே, அந்த இளைஞர் அத்தனை தூரம் ஓட்டி வந்தும் வீட்டுப் பேட்டரிக்குச் சொட்டு மின்சாரமும் போய்ச் சேரவில்லை.

அவர் கணக்கையும் சொல்லித் தந்தார். 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் மொத்தம் 1,200 வாட்-மணி. காரீயப் பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் நமக்கு உரியது 600 தான். தலா 20 வாட் இழுக்கும் இரண்டு விசிறிகள் பத்து மணி நேரம் ஓடினால் 400 போய்விடும். மிச்சத்தைக் குளிர்பெட்டி ஒரே இரவில் குடித்துவிடும். பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தாலும் இந்தச் சூட்டில் ஒரே இடத்தில் இரண்டு இரவு நிற்க முடியாது. ஒன்று ஓட வேண்டும், அல்லது யாராவது ஒருவருடைய வீட்டு மின்சாரத்தோடு இணைக்க வேண்டும். இணைப்பதற்கென்று வண்டியில் நீண்ட கம்பி இருந்தது, ஆனால் அதன் முனையில் சதுர முள் பிளக். அந்த வீட்டின் சுவரில் இருந்தவை எல்லாம் வட்ட முள் துளைகள். ஒரு மாற்றுப் பிளக்கை 450 ரூபாய்க்கு வாங்கிவர நகருக்குள் ஓட்டோவில் போய்வந்தோம். அவர் தம் வேலைக்கு 1,500 ரூபாய் மட்டும் வாங்கினார். அதையும் நாங்கள் மூன்று முறை நீட்டிய பிறகுதான் பெற்றுக்கொண்டார்.

பகலில் மற்றொன்றும் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. கழிப்பறையின் கீழே இழுத்து எடுக்கக்கூடிய ஒரு பெட்டி இருக்கிறது. மூன்று பேருக்கு அது ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். ஐரோப்பாவில் இந்த வண்டிகள் தங்கும் மைதானங்களில் அதைக் கொட்டுவதற்கென்றே ஏற்பாடு உண்டு. இங்கே அப்படி எதையும் நாங்கள் காணவில்லை. கடலோரத்திலோ புதரிலோ கொட்டுவது பெரிய அநீதி என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. பிறருடைய வீட்டில் போய் இதை எப்படிக் கேட்பது என்று என் கணவர் கூசிப்போய் நின்றார். கேட்டவர் அத்தை. "என் உடம்புக்காகத்தான் இந்த வண்டியே வந்தது, நான்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்த அம்மையாரிடம் போனார். அவர் ஒரு நொடியும் யோசிக்காமல் வளவின் பின்புறத்திலிருந்த மலசலகூடத்தைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீரும் எடுத்துவைத்தார். "வயசான ஆக்களுக்கு இது இல்லாமல் எங்க போறது அம்மா" என்று அவர் சொன்ன தொனியில் அருவருப்பின் சாயல்கூட இல்லை.

காலையில் சாலையோரக் கடையில் சாப்பிட்ட இடியப்பத்தை எழுதாமல் இன்றைய குறிப்பை முடிக்க முடியாது. சிவப்பரிசி மாவில் பிழிந்தது, ஒன்று 20 ரூபாய். தேங்காய்ப்பாலில் மஞ்சளும் பச்சைமிளகாயும் போட்ட சொதியும், செத்தல் என்ற காய்ந்த மிளகாயை உரலில் இடித்துத் தேங்காய்ப்பூவோடு பிசைந்த சம்பலும் தொட்டுக்கொள்ளத் தந்தார்கள். தஞ்சாவூரில் இடியப்பத்துக்கு நாங்கள் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் ஊற்றுவோம். சர்க்கரையைத் தொடக்கூடாத அத்தைக்கு அந்தச் சொதி ஒரு வரமாகத் தெரிந்தது. எட்டு இடியப்பங்கள் சாப்பிட்டார்.

ஜூலை 7, திங்கட்கிழமை: கோணேசர் கோயில்

வண்டியை வளவிலேயே மின்சாரத்தில் இணைத்து நிறுத்திவிட்டு ஓட்டோவில் போனோம். கோட்டைச் சுவர்களின் நடுவே குறுகலான வளைவு வாசல் வழியாகத்தான் சாலை மேலேறுகிறது. வாசலைக் கடந்ததும் ஆலமரங்களின் கீழே புள்ளிமான்கள் ஆட்களுக்குச் சிறிதும் அஞ்சாமல் படுத்திருந்தன. ஓட்டோ ஓட்டிய தம்பி, அத்தையின் காலைப் பார்த்துவிட்டு, அனுமதிக்கப்பட்ட எல்லைவரை கொண்டுபோய் விட்டார். திரும்பிப்போகும் வரை காத்திருப்பதற்குக் கூலி எதுவும் சேர்க்கவில்லை.

கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் பாறையின் உச்சியில் கோயில் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1620களில் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டே கீழே கோட்டையைக் கட்டினார்கள். மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாக இங்கே பாறைக்குத்தான் பூசை நடந்தது. 1956-ஆம் ஆண்டில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் பாறையின் அடியில் கடலில் மூழ்கி, இடிபட்ட கோயிலின் தூண்களைக் கண்டார்கள். இன்றைய கோயில் அதற்குப் பிறகு எழுந்தது. நாங்கள் நடந்து ஏறிய கோட்டைச் சாலையின் இரு பக்கமும் இருந்த கற்களில் எது கோயிலுடையது என்று அத்தை தேடிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பத்தடிக்கும் நின்றார். வலிக்காக நிற்கிறாரா, பார்ப்பதற்காக நிற்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தை இராமேசுவரத்தில் இருந்தபடியே பாடினார் என்பது மரபு. கடலைக் கடந்து அவர் வந்ததில்லை. அறுபது ஆண்டுகளாக அத்தை பாடிவருவதும் அப்படித்தான், தஞ்சாவூர் வீட்டின் பூசையறையில் நின்று. கோணேசர் சந்நிதியில் அவர் வாய்விட்டுப் பாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாடவில்லை. மாதுமை அம்மன் சந்நிதியையும் தொழுதுவிட்டு, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு அருகே, வேண்டுதலுக்காகச் சிறு தொட்டில்களைக் கட்டியிருக்கும் மரத்தின் பக்கம் வந்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றார். கீழே கடல் பாறையில் மோதி நுரைத்துப் பின்வாங்கியது. அப்போதுதான், மிக மெல்லிய குரலில், காற்று பாதியைக் கொண்டுபோக, பதினொரு பாடல்களையும் பாடி முடித்தார். பக்கத்தில் நின்ற பள்ளிச் சீருடைப் பிள்ளைகள் நால்வர் பேச்சை நிறுத்திவிட்டு இறுதிவரை நின்றார்கள். அவர்களில் ஒரு சிறுமி, "அம்மம்மா, நாங்களும் பள்ளிக்கூடத்தில பாடுறனாங்கள்" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை: கன்னியா, நிலாவெளி

விடியற்காலையில் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போனோம். சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் அருகருகே இருக்கின்றன. ஒவ்வொன்றின் சூடும் சற்றே மாறுபடுகிறது. வாளியால் முகந்து அத்தையின் முழங்காலில் ஊற்றினேன். வெயில் ஏறுவதற்குள் போய்வந்தால்தான் அந்தச் சூடு இதமாக இருக்கும்.

நிலாவெளியில் நடந்த தவறு முழுவதும் எங்களுடையது. கடலைப் பார்த்தபடி சமைக்க வேண்டும் என்ற ஆசையில், தார்ச்சாலையிலிருந்து கடற்கரைக்குப் போகும் மண்பாதையில் வண்டியை இறக்கினோம். முதல் நூறு அடி கெட்டியாக இருந்தது. பிறகு மேலே மெல்லிய புல் படர்ந்த மணல். பின்சக்கரங்கள் சுழன்று, சுழன்ற ஒவ்வொரு முறையும் இன்னும் ஆழமாக இறங்கி, ஐந்து நிமிடங்களில் வண்டியின் அடித்தகடு மணலைத் தொட்டுவிட்டது. நீரும் எரிவாயுவும் படுக்கையும் பாத்திரமும் சேர்ந்த எடையைச் சுமந்து நிற்கும் வண்டியை மூவர் தள்ளி எதுவும் ஆகப்போவதில்லை. நேரம் பதினொன்று. வண்டிக்குள் இருக்க முடியவில்லை, வெளியே நிழல் இல்லை.

சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் அரைவட்டமாக வளைத்த வலையின் இரு முனைகளையும் கரையில் நின்று பதினைந்து இருபது பேர் இழுக்கிறார்கள். அந்த வேலையைப் பாதியில் விட முடியாது. அவர்களில் வயதான ஒருவர் எங்களை நோக்கிக் கையை உயர்த்தி, "இஞ்சினை நிப்பாட்டுங்கோ, இனி முறுக்காதேங்கோ, வலை ஏறட்டும், வாறம்" என்று கத்தினார். ஒரு சிறுவன் ஓடிவந்து அத்தையை அழைத்துப்போய், அவர்களுடைய ஓலைக் கொட்டிலில் உட்காரவைத்து, தகரப் பேணியில் தண்ணீர் கொடுத்தான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு வலை ஏறியது. மீனைக் கூடைகளில் பிரித்து முடித்த கையோடு எல்லோரும் வந்தார்கள்.

அவர்கள் செய்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன், வேறு யாருக்காவது பயன்படும். முதலில் சக்கரங்களின் பின்னாலிருந்த மணலைக் கையால் அள்ளி நீண்ட சரிவாக்கினார்கள். பிறகு நான்கு டயர்களிலும் காற்றை ஏறத்தாழப் பாதிக்கு இறக்கச் சொன்னார்கள். டயர் அகன்று படிந்தால் மணலில் புதையாது. தென்னோலைகளை மட்டை குறுக்காக வரும்படி அடுக்கி, அதன்மேல் படகு ஏற்றும் பலகைகளைப் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியை முழுவதும் திறந்துவிட்டு எடையைக் குறைத்தோம். கடைசியில் வலைக்கயிற்றையே பின்பக்கக் கொக்கியில் கட்டி, வந்த வழியே பின்னோக்கி, வலை இழுக்கும் அதே பாட்டைப் பாடி இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் வண்டி ஏறியது.

5,000 ரூபாயை நீட்டியபோது அந்தப் பெரியவரின் முகம் வாடிவிட்டது. "விருந்தாளியிட்டக் காசு வாங்கிற பழக்கம் இல்லை" என்று சொல்லிவிட்டு, ஓலைப்பையில் ஒரு கிலோவுக்குக் குறையாத சூடைமீனைப் போட்டு நீட்டினார். அத்தை மீன் தொடாதவர். ஆனாலும் அந்தப் பையை மரியாதையாக இரு கைகளாலும் வாங்கி என்னிடம் தந்தவர் அவர்தான். இறக்கிய காற்றை நிரப்ப, ஊர்ந்து ஊர்ந்து நிலாவெளிச் சந்திவரை வந்தோம். மீன் உப்புவெளி அம்மையாரின் அடுப்பில் மஞ்சளும் மிளகும் போட்ட பொரியலாயிற்று.

ஜூலை 9, புதன்கிழமை: கிண்ணியா, மூதூர்

திட்டப்படி இதற்குள் மட்டக்களப்பைத் தாண்டியிருக்க வேண்டும். நான்கு நாட்களில் நாங்கள் ஓட்டிய தூரம் எழுபது கிலோமீட்டர்கூட இராது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்த வண்டியைத் தன்னிறைவான வீடு என்று எண்ணித்தான் எடுத்தோம். உண்மையில் அதற்கு ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருடைய கிணறும் மின்சாரமும் மலசலகூடமும் நிற்க ஒரு துண்டு நிலமும் வேண்டியிருக்கின்றன. அவற்றைக் கேட்கக் கற்றுக்கொள்ள நான்கு நாட்கள் ஆயின.

காலையில் தொட்டியை நிரப்பி, உவர்ப்பான அந்தக் கிணற்று நீரைக் குடிக்க முடியாததால் குடிநீர்க் குடுவைகள் தனியே வாங்கி, டீசல் போட்டோம். லீட்டர் முந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உப்புவெளி அம்மையார் இன்சுலின் குப்பிகளை ஈரத்துணியில் சுற்றித் தந்து, "குளிர்பெட்டி வேலை செய்யுதோ எண்டு தொட்டுப் பார்த்துக்கொண்டே போங்கோ" என்றார்.

கிண்ணியாப் பாலம் 2009-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது, நீளம் 396 மீட்டர். பாலத்தைக் கடந்ததும் இருந்த தேநீர்க் கடையில் முதியவர் ஒருவர், முன்பெல்லாம் பாதைக்காக மணிக்கணக்கில் காத்திருந்ததைச் சொன்னார். பாதை என்று அவர் சொன்னது, வாகனங்களை ஏற்றி நீரைக் கடத்தும் மிதவையை. அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. பிளேன்டீக்கு அவரே பணம் கொடுத்துவிட்டார். அதன்பிறகு சாலை நீர்நிலைகளையும் வயல்களையும் மாறி மாறிக் கடக்கிறது. நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி இந்தக் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் சேர்கிறது. 1660-ஆம் ஆண்டில் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, பாய்மரம் முறிந்த கப்பலைச் சீராக்க இக்கரையில் இறங்கி, கண்டியரசனின் ஆட்களிடம் சிக்கி, பத்தொன்பது ஆண்டுகளுக்குமேல் மீள முடியாமல் இருந்தார்.

மூதூரில் சாலையோரத்தில் எருமைத்தயிர்ச் சட்டிகளை அடுக்கி விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம், இரவுக்கு வண்டியை நிறுத்த எங்கே கேட்கலாம் என்று விசாரித்தோம். "வேற எங்க கேக்கிற, இஞ்சயே நிப்பாட்டுங்க உம்மா" என்று தம் வீட்டின் பக்கவாட்டைக் காட்டினார். நிலம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்து நின்றால் படுக்கையில் தலை கீழே போகும், கழுவிய நீரும் வடியாது. அவருடைய மகன் நான்கு செங்கற்களைக் கொண்டுவந்து சக்கரத்தின் கீழ் வைத்து, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் சமம் பார்த்துக் கொடுத்தான். ஒரு சட்டித் தயிர் 700 ரூபாய். கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அவ்வளவு இறுக்கம். எல்லோரும் அதில் கித்துள் பாணி என்ற பனைவகைப் பாகை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அத்தை உப்புப் போட்டு, சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்.

இப்போது இரவு பத்து மணி. கச்சான் இன்று சற்றுத் தணிந்திருக்கிறது, விசிறி ஒன்று போதுமானதாக இருக்கிறது. அத்தை தயிர்ச் சட்டியைக் கழுவித் துடைத்துத் தம் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். கோணேசர் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை அதில் போட்டு வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது, படுக்கப்போகும் முன் அதில் பாதியைக் குடித்தார்.